லண்டன் – சிட்னி: தூரம் ஒன்று, நேரம் பல

லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே வான்வழியாக ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். உலகில் எந்த இரண்டு ஊர்களை எடுத்தாலும் அவற்றுக்கிடையே 20,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் தூரம் இருக்க முடியாது. பூமியின் சுற்றளவில் பாதி அவ்வளவுதான். ஆகவே மனிதர்கள் வழக்கமாகப் பயணிக்கும் பெருநகரங்களில் இந்த இணை, பூமி அனுமதிக்கும் எல்லையை ஒட்டியே நிற்கிறது. லண்டனில் அண்ணனும் சிட்னியில் தங்கையுமாகப் பிரிந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த எண்ணின் கனம் நன்றாகத் தெரியும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் மட்டும் ஒரே பதில் கிடைப்பதில்லை. 1787-இல் எட்டு மாதம். 1935-இல் பன்னிரண்டரை நாள். 1947-இல் நான்கு நாள். இன்று, நடுவே ஒரு முறை இறங்கி ஏறினால் சுமார் ஒரு நாள். இறங்காமல் போனால் பத்தொன்பது, இருபது மணி நேரம். இந்த மாற்றத்துக்கெல்லாம் விமானத்தின் வேகம்தான் காரணம் என்று பொதுவாக நினைக்கிறோம். அது பாதி உண்மை. பூமியின் வடிவம், எரிபொருளின் எடை, காற்றின் போக்கு, நாடுகளுக்கிடையே உள்ள உறவு, மனித உடலின் இயல்பு ஆகிய ஐந்தும் சேர்ந்தே பயண நேரத்தைத் தீர்மானிக்கின்றன. இந்த ஒரு பாதையை எடுத்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரைபடம் சொல்லாத வழி

பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அளவுகோலை வைத்து லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு நேர்க்கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு ஐரோப்பாவைத் தாண்டி, மேற்கு ஆசியாவைத் தாண்டி, இலங்கையை ஒட்டிச் சென்று, இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆஸ்திரேலியாவை அடையும். பார்வைக்கு அதுதான் குறுக்கு வழி. ஆனால் உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்ததால் வந்த தோற்றம் அது.

உண்மையான குறுக்கு வழியைக் காண ஒரு பூகோள உருண்டையும் ஒரு துண்டு நூலும் போதும். லண்டனில் ஒரு முனையையும் சிட்னியில் மறு முனையையும் வைத்து நூலை இறுக்கிப் பிடித்தால், அது வடகிழக்காக ஏறும். டென்மார்க், லாத்வியா வழியாகப் போய், மாஸ்கோவுக்கும் சற்று வடக்கே உச்சம் தொட்டு, கஜகஸ்தான், சீனா வழியாகத் தெற்கே இறங்கி, தென்சீனக் கடல், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா தாண்டி ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும். பூமியின் மையத்தை வெட்டிச் செல்லும் தளம் பூமியின் மேற்பரப்பில் வரையும் வட்டத்தைப் பெருவட்டம் என்கிறோம். அதன் வில்தான் இரு இடங்களுக்கிடையே மிகக் குறுகிய வழி. தாளில் இழுத்த கோட்டின் மேலேயே ஒரே திசைகாட்டிக் கோணத்தில் பறந்தால் சுமார் 17,700 கிலோமீட்டர் வரும்; பெருவட்டத்தில் பறந்தால் சுமார் 17,000. வித்தியாசம் 700 கிலோமீட்டர். ஏறத்தாழ முக்கால் மணி நேரப் பறப்பு.

தூரத்தைக் கேட்டதும் கணினி தரும் விடை பெரும்பாலும் இந்தப் பெருவட்டத் தூரமே. இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் கோள முக்கோணவியல் அந்த விடையைத் தந்துவிடும். கடல்வழிக்கும் வான்வழிக்கும் பொதுவான நாட்டிகல் மைல் என்ற அளவே பூமியின் வளைவிலிருந்து பிறந்தது: பெருவட்டத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, இன்றைய வரையறைப்படி 1,852 மீட்டர். பூமி முழு உருண்டை அல்ல. நடுக்கோட்டு ஆரம் சுமார் 6,378 கிலோமீட்டர், துருவ ஆரம் சுமார் 6,357 கிலோமீட்டர். துல்லியமான கணக்குக்கு இந்தச் சப்பையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். லண்டனிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து சிட்னி ஏறத்தாழ 6,300. கூட்டினால் 17,200. நேர்வழியைவிட 200 கிலோமீட்டர் அளவுக்கே கூடுதல். பல பத்தாண்டுகளாக இந்தப் பயணத்தின் இயல்பான இடைத்தங்கலாகச் சிங்கப்பூர் இருந்து வருவதற்குப் புவியியலே முதற்காரணம். அங்கே இறங்குவதால் வழி பெரிதாக நீள்வதில்லை; தரையில் நிற்கும் நேரம்தான் கூடுகிறது.

எட்டு மாதத்திலிருந்து நான்கு நாளுக்கு

1787 மே 13-ஆம் நாள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறையிலிருந்து கைதிகளை ஏற்றிப் புறப்பட்ட முதல் கப்பல் தொகுதி, 1788 ஜனவரியில்தான் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவை அடைந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பல்களும் பெருகிய பிறகு, அந்தப் பயணம் ஆறு வாரம் என்ற அளவுக்குச் சுருங்கியது.

வானில் முதல் கடப்பு 1919-இல் நடந்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முப்பது நாளுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுண்டு பரிசு என்று ஆஸ்திரேலிய அரசு அறிவித்திருந்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இருவரும் ஜிம் பென்னட், வாலி ஷையர்ஸ் என்ற இரு மெக்கானிக்குகளுடன் விக்கர்ஸ் விமி விமானத்தில் நவம்பர் 12-ஆம் நாள் ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பி, டிசம்பர் 10-ஆம் நாள் டார்வினில் இறங்கினார்கள். ஏறத்தாழ 28 நாள் ஆயிற்று. அதில் உண்மையாகப் பறந்த நேரம் 136 மணி, அதாவது ஆறு நாள்கூட இல்லை. மீதி நேரமெல்லாம் தரையில் கழிந்தது: பழுது பார்க்க, எரிபொருள் நிரப்ப, மழைக்கு ஒதுங்க, உறங்க. பயண நேரத்தை நீட்டுவது பறத்தல் மட்டும் அல்ல, நிற்றலும்தான் என்பதை முதல் பயணமே காட்டிவிட்டது.

அதன்பின் சாதனைகள் அடுக்கடுக்காக வந்தன. 1928-இல் பெர்ட் ஹிங்க்லர் தனியாளாகப் பதினைந்தரை நாளில் டார்வினை எட்டினார். 1930-இல் ஏமி ஜான்சன் 19 நாளில் அதே வழியைத் தனியே கடந்த முதல் பெண் ஆனார். 1934-இல் நடந்த மெக்ராபர்ட்சன் பந்தயத்தில் ஸ்காட், கேம்பல் பிளாக் இருவரும் இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து மெல்போர்னுக்கு 71 மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

சாதனையாளர் பறப்பது வேறு, காசு கொடுத்த பயணி பறப்பது வேறு. 1935-இல் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸும் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸும் இணைந்து பிரிஸ்பேனுக்கும் லண்டனுக்கும் இடையே பயணிகள் சேவையைத் தொடங்கியபோது பன்னிரண்டரை நாள் தேவைப்பட்டது. நடுவே பல விமானங்கள் மாற வேண்டும். பாரிஸுக்கும் இத்தாலியின் பிரிண்டிசிக்கும் இடையே ரயிலில்தான் போக வேண்டும். இந்தப் பெரும்பாதையின் கிளை ஒன்று சென்னையையும் தொட்டது. 1932 அக்டோபர் 15-ஆம் நாள், லண்டனிலிருந்து கராச்சி வந்த தபாலை ஜே.ஆர்.டி. டாட்டா ஓட்டிய சிறு விமானம் பம்பாய்க்குக் கொண்டுவர, அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இந்திய விமானப் போக்குவரத்தின் தொடக்கமே இந்த நெடுவழியின் ஒரு கிளைதான்.

இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் இந்தப் பாதை அறுந்தது. அப்போது அதைக் கட்டி நிறுத்தியது இலங்கை. 1943 முதல் 1945 வரை, காலிக்கு அருகே உள்ள கொக்கலை ஏரிக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இடையே கேட்டலினா நீர்விமானங்கள் இந்தியப் பெருங்கடலை இறங்காமல் கடந்தன. பகைவர் காதில் படாதிருக்க வானொலியை அடக்கி, விண்மீன்களைப் பார்த்தே திசை அறிந்தார்கள். ஒரு நடைக்கு 27 முதல் 33 மணி நேரம். எரிபொருளே எடையை எல்லாம் தின்றுவிட்டதால் மூன்று பயணிகளும் கொஞ்சம் தபாலும்தான் ஏற முடிந்தது. ஒரே பறப்பில் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டதால் அதற்கு ‘இரட்டை உதயம்’ என்றே பெயர் வந்தது. விமானத்தில் இருந்த நேரத்தை வைத்துப் பார்த்தால், இன்றைய அதிநீளப் பறப்புகள்கூட அந்த நீர்விமானங்களை எட்டவில்லை.

போர் முடிந்து, 1947 டிசம்பர் 1-ஆம் நாள் குவாண்டாஸின் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் சிட்னியிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. பயணிகள் 29 பேர், பணியாளர் 11 பேர். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று ஆறு இடங்களில் இறங்கி நான்காம் நாள் லண்டனைச் சேர்ந்தது. சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவுத் தங்கல். போய்வரக் கட்டணம் 585 பவுண்டு. சாதாரணத் தொழிலாளியின் கைக்கு எட்டாத தொகை. ‘கங்காரு பாதை’ என்ற பெயர் இந்தத் தாவித் தாவிப் பறந்த வழியில் நிலைத்தது.

வேகம் நின்ற இடம்

1959-இல் போயிங் 707 ஜெட் விமானம் இந்தப் பாதைக்கு வந்தது. பிஸ்டன் எஞ்சின்கள் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் இழுத்துக்கொண்டிருந்த இடத்தில், ஜெட் மணிக்கு 900-ஐத் தொட்டது. நாட்கணக்கு மணிக்கணக்காக மாறியது அப்போதுதான். அடுத்த பன்னிரண்டு ஆண்டில் போயிங் 747 வந்து, கூடுதல் பேரைக் குறைந்த கட்டணத்தில் ஏற்றிக்கொண்டது.

ஆனால் அந்த 900 அங்கேயே நின்றுவிட்டது. இன்றைய 787, ஏ350 விமானங்களும் ஒலியின் வேகத்தில் சுமார் 85 விழுக்காட்டில்தான் பறக்கின்றன. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், கழித்தல் 56 பாகை குளிரில், ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,060 கிலோமீட்டர். அதில் 85 விழுக்காடு 900. அதற்கு மேல் போனால் இறக்கையின் மேல் அதிர்வலைகள் உண்டாகி, இழுவை திடீரென ஏறி, எரிபொருள் செலவு தாங்காது. அந்தச் சுவரைத் தாண்டிய கான்கார்டு, 1976 முதல் 2003 வரை ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறந்தது. சாதனைப் பறப்பு ஒன்றில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவாக வந்தது. அதையும் கிழக்கே கொண்டுபோகப் பார்த்தார்கள். லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு ஓடியது. ஒலிமுழக்கத்தை மலேசியா எதிர்த்தது, இருக்கைகளும் நிரம்பவில்லை. 1980-இல் அந்தச் சேவை முடிந்தது.

ஆக, 1960-க்குப் பின் லண்டன் – சிட்னி நேரம் குறைந்ததற்குக் காரணம் வேகம் அல்ல, நிறுத்தங்கள் குறைந்ததே. ஆறு, நான்கு, இரண்டு, ஒன்று என்று அவை சுருங்கின. எஞ்சியிருப்பது கடைசி ஒன்று. அதை நீக்குவது எவ்வளவு கடினம் என்பதை எரிபொருளின் எடை காட்டுகிறது.

எரிபொருளைச் சுமக்க எரிபொருள்

1989 ஆகஸ்டில் குவாண்டாஸ் தன் புதிய 747-400 விமானத்தை லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரே மூச்சில் கொண்டுவந்தது. நேரம் 20 மணி 9 நிமிடம். கட்டணப் பயணிகள் யாரும் இல்லை. உள்ளே இருந்தவர்கள் இருபத்து சில பேர். வழக்கத்தைவிட அடர்த்தியான எரிபொருளைத் தனியே வரவழைத்து நிரப்பினார்கள். எஞ்சினை ஓட்டி வீணாக்கக் கூடாதென்று ஓடுபாதை வரைக்கும் விமானத்தை இழுத்துக்கொண்டே போனார்கள். போக முடியும் என்று நிரூபித்தாயிற்று. நானூறு பேரை ஏற்றிக்கொண்டு போக முடியாது என்பதும் கூடவே நிரூபணமாயிற்று.

காரணம் எளியது. இருபதாவது மணி நேரத்தில் எரியப்போகும் எரிபொருளை முதல் மணியிலிருந்தே சுமந்தாக வேண்டும். அந்தச் சுமையைத் தாங்க இன்னும் எரிபொருள். அதைச் சுமக்க இன்னும் கொஞ்சம். அதனால் தூரம் கூடக்கூடச் செலவு நேர்விகிதத்தில் ஏறாமல் அதைவிட வேகமாக ஏறுகிறது. சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே 15,300 கிலோமீட்டரை இறங்காமல் கடக்கும் ஏ350-900 விமானத்தின் தனி வகை, 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த வகைச் சேவையை 2004-இல் நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானத்தில் தொடங்கி, செலவு கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தி, இரண்டு எஞ்சின் விமானம் வந்த பிறகு 2018-இல்தான் மீண்டும் தொடங்கியது. இந்த ஒரு வரலாறே போதும்: அதிநீளப் பறப்பைச் சாத்தியமாக்கியது வேகமான எஞ்சின் அல்ல, குறைவாகக் குடிக்கும் எஞ்சின்.

லண்டன் – ஆஸ்திரேலியா வழியிலும் அதுவே நடந்தது. 2018 மார்ச்சில் போயிங் 787-9 பெர்த்திலிருந்து லண்டனுக்கு 14,500 கிலோமீட்டரைச் சுமார் பதினேழரை மணி நேரத்தில் இறங்காமல் கடந்தது. ஐரோப்பாவையும் ஆஸ்திரேலியாவையும் நேரே இணைத்த முதல் வழக்கமான சேவை அது. 2019 நவம்பரில் அதே வகை விமானம் சோதனையாகச் சுமார் ஐம்பது பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிடத்தில் வந்தது. 17,000-ஐ 900-ஆல் வகுத்துப் பாருங்கள். பத்தொன்பதை ஒட்டி வரும். அந்தப் பறப்பு இயற்பியல் அனுமதிக்கும் எல்லைக்கு மிக அருகில் நிகழ்ந்தது என்பது விளங்கும்.

2022-இல் குவாண்டாஸ் லண்டன் – சிட்னி நேரடிச் சேவைக்கென 12 ஏ350-1000 விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. கூடுதலாக 20,000 லிட்டர் தொட்டி வைக்கிறார்கள். முந்நூறுக்கும் மேல் இருக்கை போடக்கூடிய விமானத்தில் 238 மட்டுமே. இடைத்தங்கல் பயணத்தோடு ஒப்பிட்டால் மிச்சமாவது நான்கு மணி நேரம் வரை என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுற்றுச்சூழல் கேள்வியும் இங்கேதான் எழுகிறது. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கரியமில வாயு வெளியாகும். நூறு டன் எரிந்தால் 316 டன். இடையில் இறங்கினால் மறுபடி மேலேறும் செலவு உண்டு. இறங்காவிட்டால் சுமைச் செலவு உண்டு. இவ்வளவு நீண்ட தூரத்தில் சுமைச் செலவின் பங்கு பெரியது. நேரத்தை மிச்சம் பிடிக்கும் வழி பூமிக்கும் சிக்கனமான வழியாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

காற்று கொடுப்பதும் எடுப்பதும்

பெர்த்திலிருந்து லண்டன் செல்வதைவிட லண்டனிலிருந்து பெர்த் வருவதற்கு நேரம் குறைவு. நியூயார்க்கிலிருந்து லண்டன் சுமார் ஆறரை மணி நேரம். அதே வழியில் திரும்பினால் ஏழரை, எட்டு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் மேற்கே போகும் விமானத்தை ஊர் எதிர்கொண்டு வர வேண்டுமே என்று பலர் கேட்பதுண்டு. அப்படி நடப்பதில்லை. காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது; விமானம் அந்தக் காற்றுக்குள்ளேதான் பறக்கிறது.

உண்மைக் காரணம் ஜெட் காற்றோட்டம். நடுக்கோட்டுப் பகுதியின் வெப்பத்துக்கும் துருவத்தின் குளிருக்கும் இடையே உள்ள வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து, ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்று ஓடைகளை உண்டாக்குகின்றன. குளிர்காலத்தில் இவை மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். 1920-களிலேயே ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓய்ஷி பலூன்களை ஏற்றி இந்தக் காற்றை அளந்து, எஸ்பராண்டோ மொழியில் எழுதி வெளியிட்டார். உலகம் அதைக் கவனிக்கவில்லை. போர்க்காலத்தில் உயரப் பறந்த குண்டுவீச்சு விமானங்கள் நேரில் மோதிய பிறகுதான் அதன் வலிமை எல்லோருக்கும் விளங்கியது.

ஆற்றோட்டத்தில் போகும் பரிசலைப்போல, ஓட்டத்தோடு போனால் விரைவு, எதிர்த்துப் போனால் தாமதம். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது ஒரு 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரையை வைத்துப் பார்த்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. அது ஒலியைத் தாண்டிய பறப்பு அல்ல. சுற்றியிருந்த காற்றை வைத்துப் பார்த்தால் வழக்கமான வேகம்தான்.

ஆகவே விமான நிறுவனங்கள் ஒவ்வொரு நாளும் புதிதாக வழி வகுக்கின்றன. அன்றைய காற்று முன்னறிவிப்பு, விமானத்தின் எடை, எரிபொருள் விலை, தாமதத்தின் செலவு, கடக்கும் நாடுகளின் கட்டணம் எல்லாவற்றையும் கணினியில் இட்டுப் பார்க்கிறார்கள். பெருவட்டத்தைவிட நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றிப் போய் முன்னதாக வந்து சேரும் நாட்களும் உண்டு. அட்டவணையில் அச்சாகும் நேரமோ வானில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. ஒரு வாயிலை விட்டு நகர்ந்ததிலிருந்து மறு வாயிலில் நிற்கும் வரை உள்ள நேரம். ஓடுபாதை வரிசை, தரையிறங்கக் காத்திருப்பு, வழக்கமான தாமதத்துக்கு ஒதுக்கிய நிமிடங்கள் எல்லாம் அதில் அடக்கம். தூரத்தை வேகத்தால் வகுத்து வரும் விடையும் பயணச்சீட்டில் உள்ள நேரமும் ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுவே.

மூடிய வானம்

லண்டன் – சிட்னி பெருவட்டம் மாஸ்கோவை ஒட்டிப் போகிறது என்று பார்த்தோம். 2019-இன் சோதனைப் பறப்பு ரஷ்யா, கஜகஸ்தான், சீனா வழியாகவே வந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும், பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்ய விமானங்களுக்குத் தம் வானத்தை மூடின. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. உலகின் மிகப் பெரிய நாட்டின் வான்வெளி ஒரே வாரத்தில் அந்நாடுகளின் பயணப் படத்திலிருந்து அகன்றது.

இதில் அதிகம் அடிபட்டது பின்லாந்து. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு சைபீரியா வழியாகச் சுமார் ஒன்பது மணி நேரம். ஆசியாவுக்குக் குறுக்கு வழி என்பதையே அந்நாட்டு விமான நிறுவனமான ஃபின்ஏர் தன் தொழிலின் அடித்தளமாக வைத்திருந்தது. ரஷ்ய வானம் மூடியபின் அந்த விமானங்கள் வட துருவத்தைச் சுற்றியோ தெற்கே சுற்றியோ போகின்றன. நேரம் சுமார் பதின்மூன்று மணி. இது புதிய நிலைமையும் அல்ல. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வானம் மூடிக் கிடந்தபோது, 1957-இல் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் கோபன்ஹேகனிலிருந்து துருவம் வழியாக அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி டோக்கியோ சென்றது. அடுத்த முப்பது ஆண்டுக்கு ஐரோப்பா – ஜப்பான் பயணிகளின் நடுத்தங்கல் ஆங்கரேஜ்தான். வானம் திறந்ததும் அது ஓய்ந்தது. மூடியதும் துருவ வழி மீண்டும் பிழைத்தது.

இந்தியப் பயணிகளுக்கும் இந்த அனுபவம் உண்டு. 2019-இல் சில மாதங்களும், பின்னர் 2025 ஏப்ரலிலிருந்தும் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, டெல்லியிலிருந்து மேற்கே செல்பவை அரபிக்கடல் வழியாகச் சுற்றின. வட அமெரிக்கா செல்லும் சில பறப்புகள் எரிபொருளுக்காக ஐரோப்பாவில் இறங்கின.

பெர்த் – லண்டன் வழியில் காற்றும் அரசியலும் ஒன்றாகச் சேர்ந்து செய்ததையும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலில் மேற்கு ஆசியப் பதற்றத்தால் ஈரான் வானத்தைத் தவிர்க்க வேண்டியிருந்தது. சுற்றுவழிக்கு எரிபொருள் போதாமல், லண்டன் செல்லும் விமானம் சிங்கப்பூரில் இறங்கி ஏறியது. திரும்பி வரும் விமானத்துக்கோ பின்காற்றின் துணை இருந்ததால் அது இறங்காமலேயே பெர்த் வந்து சேர்ந்தது. ஒரே பாதை, ஒரே விமானம். ஒரு திசையில் முடிந்தது மறுதிசையில் முடியவில்லை.

உடல் கேட்கும் கணக்கு

சிட்னி, லண்டனைவிட ஏப்ரல் முதல் அக்டோபர் தொடக்கம் வரை 9 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அக்டோபர் இறுதி முதல் மார்ச் இறுதி வரை 11 மணி. இரு நாடுகளும் வெவ்வேறு நாளில் கோடை நேரம் மாற்றுவதால் இடையில் சில வாரங்களுக்கு 10. இதனால் பயணச்சீட்டைப் பார்ப்பவர் குழம்புவது இயல்பு. டிசம்பரில் திங்கள் இரவு 9 மணிக்கு லண்டனில் ஏறி 23 மணி நேரம் பயணித்தால், சிட்னியில் புதன் காலை 7 மணி. சீட்டில் 34 மணி நேரம் போலத் தெரியும். திங்கள் மாலை 4 மணிக்குச் சிட்னியில் ஏறி 24 மணி நேரம் பயணித்தால் லண்டனில் செவ்வாய் காலை 5 மணி. பார்வைக்கு 13 மணி நேரம்தான். இரு நேரங்களையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக் கழித்தால்தான் உண்மை வெளிப்படும்.

சீட்டுக் கணக்கை ஒரு கழித்தலில் தீர்த்துவிடலாம். உடலின் கணக்கு அப்படித் தீராது. மூளையில் உள்ள உடல் கடிகாரம், வெளிச்சத்தின் துணை இல்லாமல் விட்டால், 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமான நாளையே ஓட்டும். அதனால் நாளை நீட்டுவது உடலுக்கு எளிது, சுருக்குவது கடினம். மேற்கே போகும்போது நாள் நீள்கிறது. கிழக்கே போகும்போது சுருங்குகிறது. ஒரு நேர வலயத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். லண்டனிலிருந்து சிட்னி போனவர் விமானத்தில் இருந்தது ஒரு நாள் என்றாலும், உடல் முழுதாய்ச் சிட்னி வந்து சேர ஒரு வாரத்துக்கும் மேலாகும்.

2019 சோதனைப் பறப்புகளில் சிட்னி பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பெர்கின்ஸ் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உடன் இருந்தார்கள். ஏறியதுமே சேருமிட நேரத்துக்கு ஏற்ப வெளிச்சத்தையும் உணவையும் உறக்கத்தையும் மாற்றிப் பார்த்தார்கள். விமானிகளின் விழிப்புநிலையையும் அளந்தார்கள், ஏனெனில் இவ்வளவு நீண்ட பறப்பில் நான்கு விமானிகள் முறைவைத்து ஓட்டியாக வேண்டும். 787, ஏ350 விமானங்களில் அறையின் காற்றழுத்தம் சுமார் 1,800 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். பழைய விமானங்களில் அது 2,400 மீட்டர். களைப்பைக் குறைப்பதில் இதன் பங்கு உண்டு. ஆனால் நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து எந்த விமானத்திலும் உண்டு. முதியோரும், இரத்த உறைவு வரலாறு உள்ளவர்களும், கருவுற்றவர்களும் மருத்துவரைக் கலந்துகொண்டே புறப்பட வேண்டும். ஒன்றிரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். அவர்களுக்குச் சிங்கப்பூரில் இறங்கிக் கால் வீசி நடக்கும் இரண்டு மணி நேரம் வீண் அல்ல.

தொகுத்துப் பார்த்தால்

பயணம் திட்டமிடும் வாசகருக்கு இந்த ஆய்விலிருந்து எடுத்துச்சொல்ல வேண்டியவை சில. கிலோமீட்டரைப் பார்க்காமல், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை ஆகும் மணிநேரத்தைப் பாருங்கள். போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்காது என்பதை நினைவில் கொள்ளுங்கள். சென்று இறங்கிய மறுநாளே திருமணமோ தேர்வோ வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்கு ஒரு பூகோள உருண்டை வாங்கிக் கொடுத்து, நூலை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டையான படம் மறைக்கும் உலகத்தை அது காட்டிவிடும்.

ஆய்வின் தீர்ப்பு இதைவிடப் பெரியது. நூறு ஆண்டுகளில் பறத்தல் கண்ட முன்னேற்றத்தின் உச்சமாக, கூடுதல் தொட்டி வைத்த புதிய விமானம் லண்டன் – சிட்னி பயணத்தில் மிச்சம் பிடிக்கப்போவது நான்கு மணி நேரம். ஒரு போர் மூடிய வானம் ஹெல்சிங்கி – டோக்கியோ பயணத்தில் பறித்துக்கொண்டதும் நான்கு மணி நேரம். பொறியாளர்கள் பல ஆண்டு உழைத்துச் சேர்த்ததை ஆட்சியாளர்கள் ஒரே வாரத்தில் அழிக்க முடிகிறது. ஒலியை மிஞ்சும் விமானங்களைப் பற்றிப் பேசுவது நல்லதுதான். ஆனால் தொலைதூர நகரங்களை நெருக்கமாக்க இன்று நம் கையில் இருக்கும் மிக வலிமையான கருவி எஞ்சின் அல்ல, நாடுகளுக்கிடையே அமைதி. வானம் திறந்திருந்தால்தான் வழி குறுகும்.